பார்ட்டிஷனுக்குப் பார்ட்டிஷன் மெசேஜ்: டீமுக்குப் புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓஎம்ஆர், கிண்டி, அம்பத்தூர் பக்கம் கார், ரயில், விமானம் மூன்றுக்கும் எம்பெடட் சாஃப்ட்வேர் எழுதும் டீம்கள் இருக்கின்றன. படிப்பை முடித்துவிட்டு நேராக அங்கே வந்து சேருகிறவர்களுக்கு சி மொழி தெரியும். ஆர்டிஓஎஸ் (நேரம் தவறாமல் ஓட வேண்டிய கருவிகளுக்கான ஓஎஸ்) என்றால் டாஸ்க், செமஃபோர், கியூ என்று வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். பார்ட்டிஷன், அதாவது ஒரே கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் சுவர் வைத்துப் பிரித்துக் கொடுக்கும் அறை, என்றதும்தான் தடுமாற்றம் வருகிறது, அதுவும் இரண்டு பார்ட்டிஷன்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்ற இடத்தில். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பார்ட்டிஷன்களை ஓஎஸ் எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும், விமானத் துறையின் ஏரிங்க் 653 தரத்தை வைத்துப் பேசுகிறேன். கார்க்காரர்களுக்கும் ரயில்காரர்களுக்கும் முடிவுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பதில் உண்டு.

பார்ட்டிஷன் எதற்கு? தனித்தனி டாஸ்க் போதாதா?

முன்பெல்லாம் விமானத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி. இன்றைக்கு ஒரே கம்ப்யூட்டரில் பல வேலைகளை ஏற்றுகிறார்கள். ஏர்பஸ் ஏ380, போயிங் 787 இரண்டும் அந்த வழியில் வந்தவைதான். விமானக் கட்டுப்பாடும் பராமரிப்புப் பதிவும் ஒரே ப்ராசஸரில் ஓடினால், பதிவு எழுதும் கோடில் ஒரு தவறு வந்து கட்டுப்பாட்டைக் கவிழ்த்துவிடக் கூடாது. விமான சாஃப்ட்வேருக்கான டிஓ-178சி தரம் அதை ஏ முதல் ஈ வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. செயலிழந்தால் பேரழிவு என்பது ஏ, எந்தப் பாதிப்பும் இல்லை என்பது ஈ. சுவர் இல்லாமல் கலந்து வைத்தால் எல்லாவற்றையும் ஏ நிலைக்கு நிரூபிக்க வேண்டும். அந்தச் செலவை எந்த மேனேஜரும் தாங்கமாட்டார்.

சுவர் இரண்டு வகை. ஒருவர் நினைவகத்தை இன்னொருவர் தொடாதபடி எம்எம்யூ என்ற ஹார்ட்வேர் பார்த்துக்கொள்வது ஒன்று. ஒருவர் நேரத்தை இன்னொருவர் தின்னாதபடி நேரப் பலகை பார்த்துக்கொள்வது மற்றொன்று. இந்தப் பலகையின் முழுச் சுற்றுக்கு மேஜர் ஃப்ரேம் என்று பெயர். அதற்குள் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் விண்டோ உண்டு. தனித்தனிப் பெட்டிகளாக இருந்தால் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அளவுகோல்; 1999இல் நாசாவுக்கு எழுதிய அறிக்கையில் ஜான் ரஷ்பி இதை விரிவாக வாதிட்டிருக்கிறார். பெட்டிகளுக்கு நடுவே ஓடிய ஒயர்களின் இடத்தில் இப்போது மெசேஜ் இருக்கிறது.

ஒரே ராம்தானே? ஒரு குளோபல் வேரியபிள், ஒரு மியூடெக்ஸ் போட்டால் முடிந்ததே?

1997இல் செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டரில் நடந்ததைப் பாருங்கள். அதில் டாஸ்க்குகள் தரவைப் பகிர்ந்துகொண்ட பொது இடத்துக்கு ஒரு மியூடெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு, இருந்தது. வானிலை அளக்கும் தாழ்ந்த முன்னுரிமை டாஸ்க் அதைப் பிடித்திருக்கும்போது, நடு முன்னுரிமை வேலைகள் உள்ளே புகுந்து ப்ராசஸரை எடுத்துக்கொண்டன. பஸ்ஸை (கருவிகளை இணைக்கும் தரவு வழியை) நிர்வகிக்கும் உயர் முன்னுரிமை டாஸ்க் மியூடெக்ஸுக்காகக் காத்தே கிடந்தது. காலக்கெடு தவறியதும் கம்ப்யூட்டர் ரீசெட் ஆனது. பிறகும் இப்படிப் பல முறை ஆனது. பூட்டைப் பிடித்தவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையை இரவல் கொடுக்கும் ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸைப் பூமியிலிருந்து இயக்கிவிட்டு அதைச் சரிசெய்தார்கள்.

பார்ட்டிஷன்களுக்கு நடுவே அந்த மருந்தும் வேலை செய்யாது. மியூடெக்ஸைப் பிடித்தவனின் விண்டோ முடிந்துவிட்டால், அடுத்த சுற்று வரை அவனால் விடுவிக்க முடியாது; உங்கள் முன்னுரிமையை அவனுக்கு இரவல் கொடுத்தாலும் விண்டோ வராது. பழுதைக் கவனிக்கும் ஹெல்த் மானிட்டர் அவனை ரீஸ்டார்ட் செய்துவிட்டால் மியூடெக்ஸ் அநாதை. பூட்டு என்று ஒன்று வந்தாலே ஒருவர் இன்னொருவரைக் காக்கவைக்கலாம் என்று ஆகிவிடுகிறது. பார்ட்டிஷன் கட்டியது அதை ஒழிக்கத்தான். அதனால் எந்த டிசைனைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது: அனுப்புகிறவர் செத்துப்போனால் வாங்குகிறவர் எங்காவது நிற்பாரா? நிற்பார் என்றால் டிசைன் ரிவ்யூவை அங்கேயே நிறுத்திவிடலாம்.

சாம்ப்ளிங் போர்ட், கியூயிங் போர்ட்: என்ன வித்தியாசம்?

போர்ட் என்பது பார்ட்டிஷன் மெசேஜை அனுப்பும் அல்லது வாங்கும் வாசல். சாம்ப்ளிங் போர்ட்டில் ஒரே ஒரு மெசேஜ்தான் இருக்கும். புதியது வந்தால் பழையது போய்விடும். படித்தாலும் அழியாது, பத்து முறை படித்தால் பத்து முறையும் அதே மெசேஜ் வரும், கூடவே அது செல்லுபடியாகுமா என்ற குறியும் வரும். அனுப்புகிறவர் ஒருவர், வாங்குகிறவர்கள் பலர் இருக்கலாம். கியூயிங் போர்ட்டில் மெசேஜ்கள் வரிசையில் நிற்கும், படித்தால் வெளியே வந்துவிடும், இடம் நிரம்பலாம்.

இரண்டிலும் அனுப்புகிறவருக்கு எதிர்முனையில் யார் என்று தெரியாது. தன் போர்ட்டின் பெயர் மட்டும்தான் தெரியும். எதிர்முனை பக்கத்து பார்ட்டிஷனா, வேறு கம்ப்யூட்டரா என்பதையெல்லாம் கான்ஃபிகரேஷன் டேபிளில் உள்ள சேனல் முடிவு செய்யும்.

எதை எங்கே போடுவது?

நிலை என்றால் சாம்ப்ளிங், நிகழ்வு என்றால் கியூயிங் என்று எல்லாப் பாடத்திலும் இருக்கும். சரிதான். ஆனால் என் கட்சி கொஞ்சம் கடுமையானது: நிகழ்வு என்று நீங்கள் நினைப்பதை முதலில் நிலையாக மாற்றிப் பாருங்கள்.

விளக்கு பட்டனை எடுத்துக்கொள்வோம். 'மாற்று' என்று ஒரு கட்டளையை வரிசையில் அனுப்பினால், ஒன்று தொலைந்தாலே இரு பக்கமும் எதிர் எதிராகிவிடும். எரிவதாக ஒருவர் நினைக்கும்போது அணைந்திருக்கும். 'எரிய வேண்டும், இது 41ஆவது கோரிக்கை' என்று சாம்ப்ளிங் போர்ட்டில் திரும்பத் திரும்ப எழுதினால், நடுவில் எத்தனை தொலைந்தாலும் அடுத்தது வந்ததும் சரியாகிவிடும். நிலையாக மாற்றவே முடியாதவை சில உண்டு: பழுதுப் பதிவு, ஃபைல் பரிமாற்றம், வரிசை மாறக் கூடாத கட்டளைகள். கியூ அவற்றுக்கு.

கியூ நிரம்பிவிட்டால் டைம்அவுட் கொடுத்துக் காத்திருக்கலாமா?

ஏபிஐ அனுமதிக்கிறது, நான் அனுமதிக்கமாட்டேன். சென்ட் கியூயிங் மெசேஜ் என்ற அழைப்பில் டைம்அவுட்டைப் பூஜ்யமாகக் கொடுங்கள். இடம் இல்லையென்றால் 'நாட் அவைலபிள்' என்று உடனே திரும்பிவிடும். தொலைந்ததை எண்ணி வைத்துக்கொண்டு வேலையைத் தொடருங்கள். ஏ நிலை ப்ராசஸ் ஒன்று, பராமரிப்புப் பதிவுக்காரர் கியூவைக் காலி செய்வார் என்று காத்து நின்றால், டி நிலை கோடு ஒன்று ஏ நிலையை நிறுத்திவைத்தது என்றே ஆடிட்டர் எழுதுவார். அது நியாயமும்கூட.

வாங்கும் பக்கத்தில் பலர் கவனிக்காத ஒன்று: கியூ நிரம்பி மெசேஜ் தொலைந்திருந்தால், ரிசீவ் கியூயிங் மெசேஜ் என்ற அழைப்பு 'இன்வேலிட் கான்ஃபிக்' என்று திருப்பிச் சொல்லும். ஆனால் மெசேஜையும் கொடுத்துவிடும். 'நோ எர்ரர் இல்லையா, தூக்கி எறி' என்று ஒரே இஃப் போட்டுவைத்தால், ஏற்கனவே தொலைந்ததோடு நல்ல மெசேஜ் ஒன்றையும் நீங்களே தொலைக்கிறீர்கள். அதேபோல் சாம்ப்ளிங் போர்ட்டில் இன்னும் எதுவுமே வரவில்லை என்றால் 'நோ ஆக்ஷன்' வரும். பவர் போட்ட முதல் சுற்றில் அது இயல்பு. அதைப் பழுது என்று பதிந்து ஒவ்வொரு காலையும் டிஸ்ப்ளேயில் சிவப்பு காட்டினால் பைலட் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்.

மெசேஜ் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

காப்பி செய்யும் நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். நேரம் போவது விண்டோக்களின் வரிசையில். ஒரு கற்பனை டேபிள், மேஜர் ஃப்ரேம் 50 மில்லி செகண்ட்:

விமானக் கட்டுப்பாடு 0 முதல் 15 வரை. காற்றுத் தரவு 15 முதல் 25 வரை. திரை 25 முதல் 40 வரை. பராமரிப்பு 40 முதல் 50 வரை.

காற்றுத் தரவு பார்ட்டிஷன் 16இல் சென்சாரைப் படித்து, கணக்குப் போட்டு, 24இல் போர்ட்டில் எழுதுகிறது. திரை 25இல் படிக்கிறது: மெசேஜ் வந்து 1 மில்லி செகண்ட், அளந்து 9. பிரமாதம். ஆனால் கட்டுப்பாடு அடுத்த சுற்றில், அதாவது 50இல்தான் படிக்கும். அப்போது மெசேஜ் வந்து 26, அளந்து 34. படம் காட்டுகிறவருக்குச் சூடான தரவு, இறக்கையை அசைக்கிறவருக்கு ஆறிப்போனது. டேபிளில் காற்றுத் தரவை முன்னால் தள்ளி 0 முதல் 10 வரை கொடுத்து, கட்டுப்பாட்டை 10 முதல் 25 வரை வைத்தால், 1இல் அளந்ததை 10இல் படித்துவிடலாம். 34 என்பது 9 ஆகிவிட்டது, ஒரு வரி கோடும் மாறவில்லை.

இனி மோசமான நாள். பழைய டேபிளிலேயே, காற்றுத் தரவின் கணக்கு கொஞ்சம் இழுத்து, 25க்குள் எழுத முடியவில்லை என்று வையுங்கள். பீச்–தாம்பரம் மின்சார ரயில் மாதிரிதான். படியில் கால் வைக்கும் நேரத்தில் வண்டி நகர்ந்துவிட்டால் அடுத்த வண்டிதான். 50இல் கட்டுப்பாடு படிக்கும்போது போர்ட்டில் இருப்பது முந்தைய சுற்றின் மெசேஜ்: வந்து 76 ஆகிறது, அளந்து 84. ஒரே ஒரு முறை தவறியதற்கு இந்த விலை. கன்ட்ரோல் லா, அதாவது இறக்கையை எப்படி அசைப்பது என்ற கணக்கை, எழுதுகிறவரிடம் 34ஐ மட்டும் சொல்லிவிட்டு 84ஐச் சொல்லாமல் விட்டால், அவர் சிமுலேஷனில் எல்லாம் நன்றாகவே பறக்கும்.

ரிஃப்ரெஷ் பீரியடை எவ்வளவு வைப்பது? அனுப்பும் பீரியட் 50 என்றால் 50தானே?

சாம்ப்ளிங் போர்ட்டுக்கு வந்த மெசேஜ் எவ்வளவு நேரம் வரை செல்லுபடியாகும் ('வேலிட்') என்று சொல்வது ரிஃப்ரெஷ் பீரியட். அந்த எண்ணை அனுப்புகிறவரின் பீரியடிலிருந்து எடுக்காதீர்கள். எவ்வளவு பழைய தரவை வைத்து வாங்குகிறவர் பாதுகாப்பாக வேலை பார்க்க முடியும் என்பதிலிருந்து எடுங்கள். மேலே உள்ள கணக்கில், ஒரு தவறலைத் தாங்கலாம் என்று கட்டுப்பாட்டு டீம் சொன்னால் 76ஐத் தாண்டி 80 வைக்கலாம். தாங்க முடியாது என்றால் 26க்கும் 76க்கும் நடுவில். திரைக்கு வழக்கமான வயது 1, ஒன்று தவறினால் 51; அங்கே 50 என்று வைத்தால் ஒரே தவறலுக்கு எண் மறைந்து மறுபடி தோன்றும், கண்ணைச் சிமிட்டுவது போல. அது தேவையா என்பதை யாராவது உட்கார்ந்து முடிவெடுத்திருக்க வேண்டும்.

'வேலிட்' என்று வந்துவிட்டால் நம்பலாமா?

பாதிதான். அந்தக் குறி சொல்வது மெசேஜ் போர்ட்டுக்கு வந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை. உள்ளே இருக்கும் எண் எப்போது அளக்கப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. சென்சார் செத்து, அனுப்பும் கோடு மட்டும் உயிரோடு இருந்து பழைய எண்ணையே ஒவ்வொரு சுற்றிலும் எழுதிக்கொண்டிருந்தால், வேலிட் என்றுதான் வரும். நடுவில் ஒரு பார்ட்டிஷன் வாங்கிக் கடத்திவிடும் அமைப்புகளில் இது இன்னும் மோசம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் வயது பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

அதனால் அளந்த நேரத்தையும், ஒவ்வொரு புது அளவுக்கும் ஒன்று கூடும் கவுண்டரையும் மெசேஜுக்குள்ளேயே வையுங்கள். ஒரே கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பார்ட்டிஷனுக்கும் கடிகாரம் ஒன்றுதான், கழித்துப் பார்க்கலாம். வேறு கம்ப்யூட்டரிலிருந்து வரும் நேரத்தை, கடிகாரங்கள் ஒத்துப்போகின்றன என்ற உறுதி இல்லாமல் கழிக்காதீர்கள். அங்கே கவுண்டர் மட்டும்தான் துணை.

சொல்ல எதுவும் இல்லையென்றால் எதை அனுப்புவது?

இந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொன்னதில் ஒரு ராக்கெட் போயிருக்கிறது. 1996 ஜூன் 4, ஏரியான் 5இன் முதல் பயணம். 64 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது நிரம்பி வழிந்து, திசை சொல்லும் கம்ப்யூட்டர் நின்றது. அதே சாஃப்ட்வேரை ஓட்டிய மாற்றுக் கம்ப்யூட்டரும் நின்றது. எல்லோரும் சொல்லும் கதை இதோடு முடிந்துவிடும். நம் வேலைக்கு முக்கியம் அடுத்த கட்டம்தான். நிற்கும்போது அது பஸ்ஸில் பழுது விவரத்தை அனுப்பியது. ராக்கெட்டைச் செலுத்தும் முதன்மைக் கம்ப்யூட்டர் அந்தப் பிட்டுகளைப் பறக்கும் தரவு என்றே எடுத்துக்கொண்டு, எஞ்சின்களின் நாசில்களை (வாயு வெளியேறும் குழல்களை) ஒரேயடியாகத் திருப்பியது. ராக்கெட் சாய்ந்து, உடைந்து, வெடித்தது.

அதனால் பழுதுச் செய்தியும் தரவும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் போகக் கூடாது. மெசேஜில் நிலைக்கென்று ஒரு புலம் இருக்கட்டும்: சரி, பழுது, சோதனை, கணக்கிடவில்லை. பூஜ்யத்தை 'சரி' என்று வைக்காதீர்கள். எழுதப்படாத நினைவகமும் பெரும்பாலும் பூஜ்யம்தான். தரவு இல்லையென்றால் உயரம் பூஜ்யம் என்று அனுப்பும் பழக்கத்தை முதல் வாரமே விட்டுவிடுங்கள். மீனம்பாக்கத்தில் ரன்வேயில் நிற்கும் விமானத்துக்குப் பூஜ்யத்தை ஒட்டிய உயரம் நிஜமான உயரம்.

சி நிலை பார்ட்டிஷன் ஏ நிலைக்கு மெசேஜ் அனுப்பலாமா?

அனுப்பலாம். தடை இல்லை. ஆனால் வாங்கும் ஏ நிலை கோடு அதை நம்பாமல் வாங்க வேண்டும்: எல்லைக்குள் இருக்கிறதா, முந்தைய எண்ணிலிருந்து நம்ப முடியாத அளவு தாவியிருக்கிறதா, எண்ணே இல்லாத நேன் வகையா, இல்லாமலே போனால் என்ன செய்வது. இந்தச் சோதனைகள் எல்லாம் ஏ நிலைக் கோடாகவே எழுதி நிரூபிக்கப்பட வேண்டும். சோதனையை அனுப்புகிறவர் பக்கம் வைத்துவிட்டு 'அவர்கள் பார்த்துவிட்டார்கள்' என்று சொல்வது செல்லாது. எல்லைக்குள்ளேயே இருக்கும் தவறான எண்ணை எந்தச் சோதனையும் பிடிக்காது. அதன் விளைவு தாங்க முடியாதது என்றால் இரண்டாவது தரவு மூலம் வேண்டும், அல்லது அனுப்புகிறவரின் நிலையை உயர்த்த வேண்டும்.

காப்பி செய்வது வீண் இல்லையா? பாயின்டரை அனுப்பினால் என்ன?

அடுத்தவர் முகவரி உங்கள் நினைவக வெளியில் அர்த்தமற்றது. எம்எம்யூ உதைத்துத் தள்ளும். இருவருக்கும் பொதுவான பக்கத்தைத் திறந்துவிட்டாலோ, நீங்கள் சோதித்து முடித்த பிறகு அவர் எண்ணை மாற்றலாம். காப்பிக்கு ஆகும் நேரம் நிலையானது, அளக்கக்கூடியது. கேமரா படம் போன்ற பெரிய தரவுக்கு வேண்டுமானால், வாங்குகிறவருக்குப் படிக்க மட்டும் அனுமதி, அனுப்புகிறவரின் அனுமதியைக் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) மாற்றிவிடும் ஏற்பாடு என்று யோசிக்கலாம். இருபது பைட் மெசேஜுக்கு வேண்டாம்.

கூடவே: ஸ்ட்ரக்சரை அப்படியே தூக்கி அனுப்பாதீர்கள். இரண்டு பார்ட்டிஷனை இரண்டு கம்பெனி, இரண்டு கம்பைலரில் கட்டியிருக்கலாம். புலங்களின் இடம், பைட் வரிசை, வடிவ எண் எல்லாவற்றையும் இன்டர்ஃபேஸ் ஆவணத்தில் எழுதிவிட்டு, பைட் பைட்டாக அடுக்குங்கள்.

எதிர் பார்ட்டிஷன் ரீஸ்டார்ட் ஆனால்?

கவுண்டர் பூஜ்யத்துக்குத் திரும்பும். உங்கள் கோடு அதைப் 'பழைய மெசேஜ்' என்று ஒதுக்கிக்கொண்டே இருந்தால், அவர் எழுந்து வந்தும் நீங்கள் காதை மூடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ரீஸ்டார்ட் எண்ணிக்கை என்று தனியாக ஒரு புலம் வைத்தால் தீர்ந்தது. கியூவில் அவர் சாவதற்கு முன் போட்டுவைத்த கட்டளைகளை என்ன செய்வது என்பதையும் டிசைனில் எழுதுங்கள். இன்னொன்று: போர்ட்டுகளை பார்ட்டிஷன் தொடங்கும் கட்டத்தில் மட்டுமே உருவாக்க முடியும். நார்மல் மோடுக்குப் போனபின் புதுப் போர்ட் கேட்டால் கிடைக்காது, ஓட்டத்தின் நடுவே யாரும் புது வழி திறக்கக் கூடாது என்பதற்காகவே.

மல்டிகோரில் இதெல்லாம் அப்படியே பொருந்துமா?

மல்டிகோர் என்றால் ஒரே சிப்பில் பல ப்ராசஸர் (கோர்). விண்டோ கணக்கு மாறும். இரண்டு கோரில் இரண்டு பார்ட்டிஷன் ஒரே நேரம் ஓடினால், எழுதும்போதே படிப்பது நடக்கும்; பாதி பழையது பாதி புதியது என்று வராமல் ஓஎஸ் காக்க வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, மெசேஜே அனுப்பாமல் ஒருவர் இன்னொருவரை மெதுவாக்குவது: பொது கேஷ், பொது மெமரி பஸ். சான்றளிக்கும் அமைப்புகள் முதலில் காஸ்ட்-32ஏ என்ற ஆவணத்திலும் பிறகு ஏஎம்சி 20-193இலும் கேட்பது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

நான் கார் டீமில் இருக்கிறேன், நண்பன் ரயில் டீமில். எங்களுக்கு ஏரிங்க் எதற்கு?

பெயர்கள் மாறும், கேள்விகள் மாறாது. காரில் ஐஎஸ்ஓ 26262 இதைக் குறுக்கீடின்மை என்ற தேவையாக வைக்கிறது. கார் சாஃப்ட்வேருக்கான ஆட்டோசார் தரத்தில் ஓஎஸ் அப்ளிகேஷன்களுக்கு நடுவே பேச ஐஓசி. தரவைக் காக்க இ2இ, அதாவது சிஆர்சி (தரவு சிதைந்ததா என்று காட்டும் சோதனை எண்), கவுண்டர், டைம்அவுட். ரயிலுக்கு இஎன் 50159 தரம் ஏழு ஆபத்துகளை வரிசைப்படுத்துகிறது: மறுபடி வருதல், தொலைதல், நடுவில் நுழைதல், வரிசை மாறுதல், சிதைதல், தாமதம், ஆள்மாறாட்டம். எந்தத் துறையில் இருந்தாலும் இந்த ஏழையும் அச்செடுத்து மேஜையில் ஒட்டிக்கொள்ளுங்கள். ரிவ்யூவுக்குப் போகும் முன் ஒவ்வொரு மெசேஜுக்கும் ஏழையும் கேட்டுப் பாருங்கள். நம் இரண்டாம் கட்ட மெட்ரோவில் ஓட்டுநர் இல்லாத ரயில் வருகிறது. அதில் 'தாமதம்' என்ற ஒன்றை மட்டும் நினைத்துப் பார்த்தாலே போதும்.

கான்ஃபிகரேஷன் டேபிளை யார் எழுதுவது?

இன்டக்ரேட்டர், அதாவது எல்லாப் பார்ட்டிஷன்களையும் ஒன்றாகச் சேர்ப்பவர். அப்ளிகேஷன் டீம் தேவையைச் சொல்லலாம், கை வைக்கக் கூடாது. ரிஃப்ரெஷ் பீரியடும் கியூ நீளமும் கோடைவிடக் குறைவான கவனத்தோடு ரிவ்யூ ஆவதை நிறைய இடங்களில் பார்க்கிறேன், எக்ஸ்எம்எல்தானே என்று. மேலே 34 எப்படி 9 ஆனது என்பதை இன்னொரு முறை படியுங்கள்.

வீட்டில் பழக வழி உண்டா?

உண்டு. பிஓகே என்ற ஓப்பன் சோர்ஸ் கெர்னல் ஏரிங்க் 653 ஏபிஐயைத் தருகிறது, கம்ப்யூட்டரையே சாஃப்ட்வேரில் போலச் செய்யும் க்யூஇஎம்யூவில் ஓடும், போர்டு வாங்க ரிச்சி தெருவுக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு பார்ட்டிஷன், ஒரு சாம்ப்ளிங் போர்ட் வைத்துத் தொடங்குங்கள். ஓடியதும் அனுப்புகிறவரை முடிவில்லா லூப்பில் தள்ளிவிட்டு, வாங்குகிறவரின் நேரம் ஒரு துளியாவது நகர்கிறதா என்று அளந்து பாருங்கள். அடுத்து, லூப்பை எடுத்துவிட்டு அதே எண்ணையே ஓயாமல் அனுப்பச் செய்யுங்கள். உங்கள் வாங்கும் கோடு அதைக் கண்டுபிடிக்க எத்தனை சுற்று எடுக்கிறது என்று எண்ணுங்கள். கண்டுபிடிக்கவே இல்லையென்றால், 'வேலிட்' பற்றிய பதிலுக்குத் திரும்பிப் போக வேண்டும்.